சிஜிடி உள்ள பிள்ளைக்குத் தினமும் மருந்து கொடுப்பது எப்படி: திருகோணமலையில் இருந்து ஒரு அம்மா

சிஜிடி (Chronic Granulomatous Disease, பிறவியிலேயே வருகிற ஒரு நோய் எதிர்ப்புக் குறைபாடு) என்று நோயின் பெயரைச் சொல்லி, இரண்டு மருந்து எழுதின துண்டையும் தந்து, "ஒவ்வொரு நாளும் கொடுங்கோ, நிற்பாட்டக்கூடாது" என்று அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலும் கோட்ரைமொக்சசோலும் இட்ராகொனசோலும்தான். முதலாவது பக்டீரியாவுக்கு, இரண்டாவது பங்கசுக்கு. எதோடு கொடுப்பது, எந்த மருந்தோடு சேர்க்கக்கூடாது, வைக்கோல் பக்கம் போனால் என்ன, காய்ச்சலுக்குப் பனடோல் போதுமா என்பதையெல்லாம் சனம் நிரம்பி வழிகிற கிளினிக்கில் நின்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் இந்த நோயோடு வளர்கிற மகன் ஒருவன் இருக்கிறான், அதனால் எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிற்பாட்டுவதும் உங்கள் டொக்டரின் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. குளிசை உடம்புக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர வீட்டில் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விசயம்.

நோயைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால்தான் மற்றது விளங்கும். இரத்தத்தில் உள்ள நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம் கிருமியை விழுங்கி, ஒட்சிசனிலிருந்து வீரியமான பொருட்களை உண்டாக்கி உள்ளேயே கொல்லும். சிஜிடியில் அதை உண்டாக்குகிற நொதியம் பரம்பரை அலகிலேயே பழுது. கலம் ஓடிப்போகும், விழுங்கும், ஆனால் கொல்லாது. தோட்டா இல்லாத துவக்கோடு காவலுக்கு நிற்கிற மாதிரி. எல்லாக் கிருமியிடமும் இப்படி இல்லை. தடிமன், சளிக்காய்ச்சல் வைரசுகளை மற்றப் பிள்ளைகளைப் போலவே சமாளிப்பார்கள். ஆபத்து ஸ்டெபிலோகொக்கஸ், சல்மொனெல்லா, நொகார்டியா, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற பேர்க்ஹோல்டேரியா வகைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அஸ்பர்ஜில்லஸ் என்ற பங்கசு. அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 2 இலட்சம் பிறப்புக்கு ஒன்று, அதனால் நம்முடைய ஊர் டொக்டர்மாரில் பலர் நேரில் ஒரு சிஜிடி பிள்ளையைக்கூடப் பார்த்திராமல் இருக்கலாம், அது அவர்கள் பிழை இல்லை.

1950களில் இந்த நோயை முதலில் விவரித்தபோது பெயரிலேயே 'உயிர்கொல்லி' என்று சேர்த்திருந்தார்கள். இன்று இதோடு வளர்ந்து கலியாணம் கட்டி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பெரிய காரணம் சும்மா இருக்கிற நாளிலும் எடுக்கிற இந்தத் தினமருந்துதான். 2003இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு எப்போதும் ஞாபகத்தில் நிற்கும். 39 பேர், ஒரு வருடம் இட்ராகொனசோல், அடுத்த வருடம் மருந்தில்லாத போலிக் குளிசை என்று மாறி மாறி எடுத்தார்கள். போலிக் குளிசைக் காலத்தில் 7 பேருக்குக் கடுமையான பங்கசுத் தொற்று, மருந்துக் காலத்தில் ஒரே ஒருவருக்கு. அந்த ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர். "பிள்ளை நல்லாத்தானே ஓடியாடித் திரியுறான், ஏன் சும்மா மருந்தைத் திணிக்கிறாய்" என்று அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, இட்ராகொனசோல். கஷ்டமான மருந்து இதுதான்.

கப்சூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே கொடுக்கவேண்டும். அது கரைவதற்குச் சாப்பாடும் வேண்டும், வயிற்று அமிலமும் வேண்டும். தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. நாங்கள் இரவுச் சாப்பாட்டோடு வைத்திருக்கிறோம், பிட்டோ இடியப்பமோ சொதியோடு ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் அதுதான், காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் பாதிப் பாணோடு எழும்பிப் போய்விடுவான். கப்சூலை உடைக்காமல் முழுதாக விழுங்கவேண்டும். ஆனால் அதே மருந்து பாணியாகக் கிடைத்தால் விதி தலைகீழ்: வெறும் வயிற்றில் கொடுத்து, பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் சாப்பிடவிடக்கூடாது. கப்சூலில் இருந்து பாணிக்கோ பாணியில் இருந்து கப்சூலுக்கோ மில்லிகிராம் கணக்கைப் பார்த்து நீங்களாக மாற்றவேண்டாம், உடம்பில் சேர்கிற அளவு இரண்டிலும் வேறு. இந்தியாவுக்குப் போய்வருகிறவர்களிடம் மருந்து சொல்லிவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே பெட்டியில் 'எஸ்பி' என்று போட்டு 65 மில்லிகிராம், 130 மில்லிகிராம் என்று வருகிற புது வகை ஒன்று இருக்கிறது. குறைந்த அளவிலேயே கூடச் சேரும்படி செய்தது அது. வழக்கமான 100 மில்லிகிராம் கப்சூலுக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற சாமான் இல்லை. பெட்டியைப் படம் எடுத்து டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி நம்முடைய ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற எதிரி, காஸ்ட்ரிக் குளிசை. ஒமிபிரசோல், பன்டொபிரசோல், பமொடிடின் எல்லாம் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. அமிலம் இல்லாவிட்டால் கப்சூல் சரியாகச் சேராது, வாயால் போனது அப்படியே வெளியே போகும். அன்டிபயோடிக் எழுதினால் கூடவே ஒரு காஸ்ட்ரிக் குளிசையும் எழுதுகிற பழக்கம் இருக்கிறதால் ஒவ்வொரு துண்டிலும் அதைத் தேடிப் பாருங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் இட்ராகொனசோலை எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். சில டொக்டர்மார் சாதாரண கோலா சோடாவோடு கொடுக்கச் சொல்வார்கள், அதில் அமிலம் இருக்கிறது. சீனி இல்லாத 'டயட்' வகை அதற்குச் சரிவராது. பல்லுக்குக் கூடாது என்று நாம் தடுக்கிற சோடாவை மருந்துக்காகக் கொடுக்க வருகிறது, என்ன செய்ய. நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி என்றால் குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இட்ராகொனசோல் ஈரலில் வேறு பல மருந்துகளை உடைக்கிற வேலையைத் தடுத்துவிடும், அந்த மருந்துகள் உடம்பில் ஏறிப்போகும். சத்திக்கு எல்லா இடத்திலும் கொடுக்கிற டொம்பெரிடோன் இதோடு சேரவே கூடாது, இதயத் துடிப்பைக் குழப்பும். பெரியவர்கள் என்றால் கொலஸ்ட்ரோலுக்குப் போடுகிற சிம்வஸ்டட்டின் கூடாது. கிளரித்ரோமைசின் போட்டால் இட்ராகொனசோலே கூடும்; மாறாக வலிப்புக்குக் கொடுக்கிற பெனிட்டொயின், கார்பமசெபின், காசநோய்க்குக் கொடுக்கிற ரிபம்பிசின் மூன்றும் இட்ராகொனசோலை அடித்து இறக்கிவிடும். யாரும் யோசிக்காத இடம் இழுப்புக்கு அடிக்கிற பம்ப். புடசொனைட், புளூடிக்கசோன் பம்புகளோடு நாட்கணக்கில் போனால் பம்பில் இருக்கிற ஸ்டீரொயிட் உடம்பில் கூடி முகம் ஊதுவது, வளர்ச்சி தடைப்படுவது வரை போகும். பெக்லோமெத்தசோன் அந்தளவு தொல்லை தராது. இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "இவன் இட்ராகொனசோல் எடுக்கிறான்" என்ற ஒரு வசனத்தை ஓபிடி, தனியார் கிளினிக், பாமசி, பல் டொக்டர் என்று எங்கே போனாலும் அவர்கள் பேனையைத் தூக்க முன்னம் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கசாயத்துக்கும் இதே விதிதான். ஈரலில் வேலை செய்கிற மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, என்ன மூலிகை என்று தெரியாத ஒன்றை அதற்கு மேல் ஊற்றவேண்டாம்.

ஈரல் என்றதும், டொக்டர் சொன்ன இடைவெளியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். கண் மஞ்சளாவது, மூத்திரம் கடும் தேத்தண்ணி நிறத்தில் போவது, மலம் வெளிறிப்போவது, சாப்பாட்டில் மனமில்லாமல் சோர்ந்து கிடப்பது, கால் வீங்கி மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்கவேண்டாம்.

கோட்ரைமொக்சசோல் இதைவிடச் சுகம். சாப்பாட்டோடும் கொடுக்கலாம், இல்லாமலும் கொடுக்கலாம், வயிறு குமட்டினால் சாப்பாட்டோடு. குழப்பம் எண்ணில்தான். 480 மில்லிகிராம் குளிசையில் 80 ட்ரைமெத்தோபிரிம், 400 சல்பாமெத்தொக்சசோல். பிள்ளைகளின் பாணி பொதுவாக 5 மில்லிலீட்டரில் 240, அதாவது 40உம் 200உம். சில டொக்டர்மார் ட்ரைமெத்தோபிரிம் அளவை மட்டும் எழுதுவார்கள், சிலர் இரண்டையும் கூட்டி எழுதுவார்கள். இடம் மாறி மருந்து எடுக்கும்போது எண் மாறித் தெரிந்தால், கொடுக்க முன் பாமசியில் கேளுங்கள். பாணிப் போத்தலை நன்றாகக் குலுக்கி, தேக்கரண்டியால் இல்லாமல் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். வெயில் தோலைச் சுடும், தொப்பியும் நீளக் கைச் சட்டையும் போடுங்கள், கிரிக்கெட்டை நிற்பாட்டவேண்டியதில்லை. தொடங்க முன் ஜி6பிடி என்ற நொதியத்தின் பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேட்டுவையுங்கள், அது இருந்தால் இந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பயப்படவேண்டியது தோல் தடிப்புக்குத்தான். உடம்பில் தடிப்புப் போட்டால் அடுத்த வேளை கொடுக்க முன் டொக்டரிடம் கேளுங்கள். கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் கேட்பதற்கெல்லாம் நேரமில்லை, நிற்பாட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளை கிட்டிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கந்தசஷ்டி, நோன்பு காலத்தில் கேள்வி வரும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு பிடிக்கிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் கப்சூலை நோன்பு துறந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகு வைக்கலாம், கோட்ரைமொக்சசோல் இரண்டு வேளையும் சஹருக்கும் நோன்பு துறப்புக்கும் பொருந்தி வரும், ஆனால் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அந்த மருந்தோடு இருக்கலாமா என்பதை நோன்பு தொடங்க முன்னமே டொக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரை வீட்டின் உள்ளேயே வேகும். பிரிட்ஜ் தலையிலும் அடுப்படித் தட்டிலும் மருந்து வைக்காதீர்கள், ஈரமில்லாத உள்ளறை அலுமாரிதான் சரி.

அஸ்பர்ஜில்லஸ் வித்துகள் எங்கும் இருக்கின்றன, எல்லாவற்றையும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது ஒரேயடியாகக் குவியலாகச் சுவாசிப்பதை. உக்கிப்போன இலை, வைக்கோல், குப்பைப் பசளை, மரத்தூள், ஊறின பொச்சுமட்டை, பழைய வீடு இடிக்கிற தூசி. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அறுவடைக்குப் போனால் பிள்ளைகள் முதலில் ஏறுவது வைக்கோல் கும்பியில்தான். சிஜிடி பிள்ளைக்கு அது கூடவே கூடாது, முகக்கவசம் போட்டாலும் கூடாது. ஒரேயடியாக நிறைய வித்து உள்ளே போனால் சில நாட்களில் இருந்து பத்து நாட்களுக்குள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம், உயிருக்கு ஆபத்தானது, தினமும் இட்ராகொனசோல் எடுத்துக்கொண்டிருந்தாலும் வரலாம். அப்போது வாட்டில் "வைக்கோலில் விளையாடினவன்" என்று நீங்களாகச் சொல்லவேண்டும், கேட்கமாட்டார்கள்.

சேறும் அப்படியே. மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுக்கிற பேர்க்ஹோல்டேரியா இலங்கை மண்ணில் இருக்கிறது, மழைக்காலத்தில் வயற்சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்குகிறவர்களுக்குத் தொற்றும், சிஜிடி உள்ளவர்களை இந்தக் குடும்பத்துக் கிருமிகள் மோசமாகத் தாக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று மழை பிடித்து முற்றத்தில் வெள்ளம் நின்றால் மகனை அதில் இறங்க விடுவதில்லை, காலில் ஒரு கீறல் இருந்தால் வாசற்படியே எல்லை. குளம், வாய்க்கால் குளிப்பும் இல்லை. கிணறு இறைத்துச் சேறள்ளுகிற நாளில் அவன் அப்பம்மா வீட்டில். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சனத்தோடு போனால் போய்ப் பார்க்கட்டும், வாளியை அவன் தலையில் கவிழ்க்கவேண்டாம் என்பது என் முடிவு, நீங்கள் உங்கள் டொக்டரைக் கேளுங்கள். கடலைப் பற்றியும் கேட்டேன், புண் இல்லாத நாளில் உப்புவெளியில் தெளிந்த தண்ணீரில் நிற்க எங்களுக்குச் சம்மதம் கிடைத்தது.

பொங்கலுக்கு முற்றம் மெழுகச் சாணம் கரைக்கிற வேலையும் சாணத்தில் பிள்ளையார் பிடிக்கிற வேலையும் வேறு கைக்கு, இவனுக்கு மஞ்சள் பிள்ளையார். பள்ளிக்கூடத்தில் சிரமதானம் என்று இலை கூட்டவிடுவார்கள், தோட்டப்பாடம் என்று மண் கிண்டவிடுவார்கள். வகுப்பு ஆசிரியருக்கு வருடத் தொடக்கத்திலேயே டொக்டரின் கடிதம் ஒன்று கொடுத்துவிட்டால் பிள்ளை ஒவ்வொரு முறையும் நின்று விளக்கவேண்டியதில்லை. வெட்டுப் பட்டால் கோப்பித்தூளோ மஞ்சளோ அப்பாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கிருமிநாசினி பூசுங்கள், மீன் முள் ஏறினால் கூடுதல் கவனம்.

காய்ச்சலைப் பற்றி. சிஜிடி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து மூன்று நாள் பார்ப்பது என்பது கிடையாது. டெங்குக் காலத்தில் எல்லாக் காய்ச்சலையும் டெங்குக் கண்ணோடு பார்ப்பார்கள், அது நியாயம்தான், ஆனால் இவனுக்கு இரண்டையும் பார்க்கவேண்டும். பெரிய தொற்று இருந்தும் காய்ச்சல் மெல்லிதாக, சிலநேரம் இல்லாமலே இருக்கும் என்பது இந்த நோயின் கள்ளத்தனம். கழுத்துக் கட்டி, விடாத இருமல், வலது விலாவுக்குக் கீழே நோவு, ஆசனவாய்ப் பக்கம் கட்டி, நிறை குறைவது, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், காரணமில்லாத சோர்வு, இதெல்லாம் காய்ச்சலுக்குச் சமம். ஈரலில் சீழ் கட்டுவது இந்த நோயில் வழக்கமானது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நடு இரவில் போனால் கடமையில் இருக்கிற டொக்டர் தமிழ் தெரியாதவராகவும் இருக்கலாம், புதியவராகவும் இருக்கலாம். அதனால் ஒரு அட்டையில் நோயின் முழுப்பெயர், எடுக்கிற மருந்தும் அளவும், பிள்ளையின் நிறை, சேர்க்கக்கூடாத மருந்துகள், பார்க்கிற நிபுணரின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். "காய்ச்சல் இல்லாவிட்டாலும் கடும் தொற்று இருக்கலாம்" என்ற வரியை உங்கள் நிபுணரைக் கொண்டு எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது மருந்தாக இன்டர்பெரோன் காமா ஊசி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991இல் வந்த ஆய்வு கடுமையான தொற்றுகள் நன்றாகக் குறைந்ததைக் காட்டியது, கிழமைக்கு மூன்று தரம் தோலுக்குக் கீழே போடுவது, குளிரில் வைக்கவேண்டியது, விலை கூடியது, போட்ட இரவு காய்ச்சலும் உடம்பு நோவும் வரலாம். எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அடியோடு மாற்றுவது எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைதான், அது தனிக்கதை, இந்தியாவுக்குப் போய்ச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து இருப்பு. 2022இல் நாடே மருந்துக்கு அலைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கிடைக்காத மாதத்தில் வெளியே வாங்கவேண்டி வரும், இட்ராகொனசோல் மலிவில்லை. கடைசி அட்டை தொடங்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள், வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேடவேண்டாம். கொழும்புக் கிளினிக்குக்கு இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறபோது மருந்து பெரிய பையில் இல்லாமல் மடியில் இருக்கிற பையில் இருக்கட்டும், இரவுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள், கப்சூலுக்குச் சாப்பாடு வேண்டும்.

கடைசியாகக் குடும்பம். அதிகமாகக் காணப்படும் வகை எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வருவது, அம்மா காவி, ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு வகைகள் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும், சொந்தத்துக்குள் கட்டின குடும்பங்களில் அவை கூட. யார் பக்கத்துக் குற்றம் என்ற பேச்சு நம்முடைய வீடுகளில் கட்டாயம் வரும், வந்தால் வாயை மூடச் சொல்லுங்கள். காவியான அம்மாமாருக்கும் வாய்ப்புண், வெயில் பட்டால் தோலில் சிவத்தல், மூட்டு நோவு வரலாம், அதை டொக்டரிடம் சொல்லுங்கள். இலங்கையில் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வர முன்னமே காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டுவிடுவார்கள், சிஜிடி இருந்தால் அந்த ஊசியில் உள்ள உயிர்க்கிருமியே நோயாகப் பரவக்கூடும். ஆகவே அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மிட்வைப்புக்கும் கிளினிக்குக்கும் சொல்லி, பரிசோதனை முடியும்வரை பிசிஜியைத் தள்ளிப்போட எழுத்தில் வாங்குங்கள். சிஜிடி இருக்கிறதா என்று காட்டுகிற டிஎச்ஆர் என்ற அந்த இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கவேண்டிய இடம் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனவியல் பகுதி. இரத்தம் பழசாகக்கூடாது என்பதால் எந்த நாளில், எத்தனை மணிக்குக் கொண்டுவரலாம் என்று உங்கள் டொக்டர் மூலம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பிசிஜி கடிதத்தின் பிரதியைப் பிரசவத்துக்குக் கட்டி வைத்திருக்கிற பையில் மேலாக வையுங்கள், வாட்டில் ஊசி போட வருகிறவர் கையில் நேரே கொடுக்கிற மாதிரி.